இரண்டுக்குமே கறுப்புத் தொப்பி: அணில் குரங்கா, கபுச்சினா?

சாட்ஸ்வர்த் அம்மா:

எல்லோருக்கும் வணக்கம். கேள்வி கொஞ்சம் சின்னப்பிள்ளைத்தனமாகத் தெரியலாம், ஆனால் வீட்டில் மூன்று நாளாக இதே பஞ்சாயத்து, அதனால்தான் இங்கே கொண்டு வருகிறேன்.

டிசம்பர் லீவில் குடும்பத்தோடு நம் தென்னாப்பிரிக்காவின் தென் கடற்கரையோரக் கார்டன் ரூட் பக்கம் காரிலேயே போய் வந்தோம். டர்பனிலிருந்து அவ்வளவு தூரம் ஓட்டியதற்கு என் முதுகே சாட்சி. பிளெட்டன்பெர்க் பேக்குப் பக்கத்தில் மங்கிலேண்ட் இருக்கிறதல்லவா, கூண்டு கிடையாது, குரங்குகளைக் காட்டுக்குள் சுதந்திரமாக விட்டிருக்கிறார்கள், நாம்தான் வழிகாட்டி பின்னால் வரிசையாகப் போக வேண்டும், அங்கே ஒரு காலைப்பொழுது முழுக்க இருந்தோம். மகளுக்குப் பத்து வயது. வழிகாட்டி சொன்னதையெல்லாம் ஒரு குட்டி நோட்டில் எழுதிக்கொண்டே வந்தாள். வீட்டுக்கு வந்து பிரித்துப் பார்த்தால் ஒரே பக்கத்தில் இரண்டு இடத்தில் 'பிளாக் கேப்ட்' என்று இருக்கிறது. ஒன்றுக்குப் பக்கத்தில் 'தென் அமெரிக்கா, மஞ்சள் கால்'. இன்னொன்றுக்குப் பக்கத்தில் 'தென் அமெரிக்கா, ரொம்பப் புத்திசாலி'. அதற்கு மேல் ஒன்றும் இல்லை, நடுவில் ஜூஸ் கொட்டி அழிந்துவிட்டது.

பள்ளிக்கூடத்தில் இப்போது ஓரல் கொடுத்திருக்கிறார்கள், இரண்டு விலங்குகளை ஒப்பிட்டுப் பேச வேண்டுமாம். இவள் இந்த இரண்டையும்தான் பேசுவேன் என்று ஒரே பிடிவாதம். என் வீட்டுக்காரர் இரண்டும் ஒரே குரங்குதான், ஒன்று ஆண் ஒன்று பெண் என்கிறார். எனக்கு அப்படித் தோன்றவில்லை, ஒன்று நன்றாகவே சின்னதாக இருந்த ஞாபகம். போட்டோக்களில் பாதிக்கு மேல் இலைதான் தெரிகிறது.

இரண்டையும் எப்படிப் பிரித்துச் சொல்வது? எது அதிகப் புத்திசாலி? நம் மாமரத்துக்கு வந்து பாதி கடித்துப் போட்டுவிட்டுப் போகிற வெர்வெட் குரங்குக்கு இவை சொந்தமா? இன்னொன்று, ஆன்லைனில் யாரோ கபுச்சின் குட்டி விற்கிற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு 'அம்மா, ஒன்று வாங்கலாமா' என்கிறாள். அதற்கும் சேர்த்து ஒரு பதில் சொல்லுங்கள், நான் சொன்னால் கேட்க மாட்டாள்.

மாங்காய்மரம்:

அக்கா, உங்கள் மகள் தப்பாக எழுதவில்லை. இரண்டுக்குமே அந்தப் பெயர் உண்டு. பொலிவியா பக்கத்து அணில் குரங்கை பிளாக் கேப்ட் ஸ்குவிரல் மங்கி என்பார்கள், குடுமி வைத்த கபுச்சினை பிளாக் கேப்ட் கபுச்சின் என்பார்கள். தொப்பியை வைத்து அடையாளம் தேடினால், கல்யாண மண்டபத்தில் வெள்ளை வேட்டி கட்டியவர்தான் எங்கள் மாமா என்று தேடின கதையாகிவிடும். உங்கள் வீட்டுக்காரரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள், இவை ஆண் பெண் இல்லை, வேறு வேறு இனம், பேரினமே வேறு.

மஞ்சள் கால் என்று எழுதியிருப்பதுதான் அணில் குரங்கு. எடை முக்கால் கிலோதான் இருக்கும், நன்றாக வளர்ந்த ஆணே ஒரு கிலோவை ஒட்டித்தான் வரும். உடம்பு ஏறக்குறைய ஒரு அடி, வால் அதைவிட நீளம். முகத்தைப் பார்த்தால் மறக்கவே முடியாது: கண்ணைச் சுற்றி மாவு அப்பியது போல வெள்ளை, வாயும் மூக்கும் மட்டும் மையில் தோய்த்தெடுத்தது போலக் கறுப்பு. கபுச்சின் ஆண் மூன்று கிலோவுக்கு மேல் போகும், பெண் இரண்டு, இரண்டரை. பழுப்பு உடம்பு, தலையில் கருமுடி குடுமியாகத் தூக்கி நிற்கும், கன்னத்தில் கிருதா, எப்போதும் ஏதோ கடன் பாக்கியை யோசிப்பது போல ஒரு முகம். கபுச்சின் என்ற பெயரே பழுப்பு அங்கியும் தலைமூடியும் அணிந்த கபுச்சின் துறவிகளிடமிருந்து வந்தது.

போட்டோவில் முகம் தெரியவில்லையா, வாலைப் பாருங்கள். கபுச்சினின் வால் நுனி சுருண்டிருக்கும், சாப்பிடும்போது அதைக் கிளையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு இரண்டு கையையும் வேலைக்கு விட்டுவிடும். ஸ்பைடர் மங்கி மாதிரி வாலிலேயே ஊஞ்சலாடுகிற அளவுக்கு வராது, ஆனால் பிடிமானத்துக்குப் போதும். அணில் குரங்குக்கு அந்த வித்தை குட்டியாக இருக்கும்போது மட்டும்தான். பெரிதானால் வால் சமநிலைக்குத்தான், உட்கார்ந்து இளைப்பாறும்போது அதைத் தோளுக்கு மேல் துண்டு மாதிரி போட்டுக்கொள்ளும்.

ஓரலுக்கு நான் ஒன்று சொல்கிறேன், 'வித்தியாசங்கள் ஐந்து' என்று பட்டியல் போட வேண்டாம். இவை இரண்டும் காட்டில் சேர்ந்தே திரிகின்றன, அதைச் சொல்லச் சொல்லுங்கள். பெருவில் மானு என்கிற காட்டில் இதை நெடுநாள் உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறார்கள். கபுச்சின் கூட்டம் பத்துப் பதினைந்து உருப்படிதான். அணில் குரங்குக் கூட்டம் முப்பது, நாற்பது, சில சமயம் அதற்கும் மேல். இந்தப் பெரிய கும்பல் அந்தச் சின்னக் கும்பலின் பின்னாலேயே நாள்கணக்கில் போகும். ஏன் என்றால், கபுச்சின் தன் வட்டாரத்தை விட்டு அதிகம் நகராது, எந்தப் பழமரம் எப்போது பழுக்கும் என்பது அதற்கு அத்துப்படி. அணில் குரங்கு பரந்து அலைகிற ஜாதி, அவ்வளவு உள்ளூர் விவரம் அதற்கு இருக்காது, விவரம் தெரிந்தவன் பின்னால் போனால் போதும். அது மட்டுமில்லை, கபுச்சின் பட்டையை உரித்து, காய்ந்த பனையோலை மட்டையைப் பிய்த்து, ஒரே ரகளை பண்ணும்போது பூச்சிகள் தெறித்து ஓடும், கடித்துப் போட்ட பழம் மீதி விழும். பருந்து, கழுகு வந்தால் பார்க்கக் கண்களும் அதிகம். கபுச்சினுக்கு இதில் பெரிதாக லாபம் கிடையாது, விரட்டவும் விரட்டாது, வந்தால் வரட்டும் என்று விட்டுவிடும். கூட்டுக் குடும்பத்தில் ஒரு சித்தப்பா இருப்பாரே, அப்படி.

ராத்திரி ஷிப்ட்:

எல்லாம் சரி, ஆனால் புத்திசாலி விஷயத்தில் கபுச்சினுக்கு ஏன் இவ்வளவு விளம்பரம்? உடம்புக்கு எவ்வளவு மூளை என்று கணக்குப் போட்டால் குரங்குகளிலேயே அணில் குரங்குதான் முதலிடத்தில் நிற்கும் என்று நான் படித்திருக்கிறேன். மனிதனைக்கூடத் தாண்டிவிடுமாம். அப்படியென்றால் அக்கா மகள் நோட்டில் 'ரொம்பப் புத்திசாலி' என்பதை மஞ்சள் காலுக்கு மாற்றி எழுத வேண்டியதுதானே.

மாங்காய்மரம்:

ராத்திரி ஷிப்ட், விகிதம் அப்படித்தான் வரும், மறுக்கவில்லை. ஆனால் அது சின்ன உடம்பின் மாயம். அதே கணக்கில் சுண்டெலியும் மனிதனும் கிட்டத்தட்டப் பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்பார்கள், அதற்காக சுண்டெலியிடம் வருமான வரி ஃபைல் பண்ணச் சொல்ல முடியுமா? உடம்பு சிறுத்தால் மூளை அதே அளவுக்குச் சிறுக்காது, அதனால் சின்ன மிருகங்களுக்கு விகிதம் எப்போதும் தூக்கலாகத் தெரியும். எடையை நேரடியாகப் பார்த்தால் அணில் குரங்கின் மூளை 25, 30 கிராம். கபுச்சினுடையது 50 முதல் 70 கிராம்.

அதை விடுங்கள், செய்கிற வேலையைப் பாருங்கள். பிரேசிலின் வடகிழக்கில் பியாவி மாநிலத்தில் தாடிக் கபுச்சின் என்று ஒரு இனம். பனங்கொட்டை மாதிரி கெட்டியான கொட்டையைக் கல்லால் உடைத்துத் தின்கிறது. ஏதோ கையில் கிடைத்த கல்லை எடுத்து வீசுகிற சமாச்சாரம் இல்லை. கீழே ஒரு பாறையோ கட்டையோ, உடைத்து உடைத்து அதில் நம் உரல் மாதிரியே குழி விழுந்திருக்கும். கொட்டையை முதலில் அந்தக் குழியில் தட்டித் தட்டித் திருப்பும், உருளாமல் எந்தப் பக்கம் உட்காருகிறது என்று பார்த்து வைக்கும். அப்புறம் ஒரு கிலோ, சில நேரம் அதைவிடக் கனமான கல்லை இரண்டு கையாலும் பிடித்து, பின்னங்காலில் எழுந்து நின்று, தோளுக்கு மேல் தூக்கி, வால் தரையில் ஊன்றியிருக்க, மொத்த உடம்பையும் சேர்த்து இறக்கும். அதன் எடையே மூன்று, மூன்றரை கிலோ என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நான் எழுபது கிலோ, எனக்கு அது இருபது கிலோ அரிசி மூட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் போடுவது போல, அதுவும் நாள் முழுக்க. குட்டிகள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்து, சிதறியதைப் பொறுக்கித் தின்று, கையில் அகப்பட்டதை வைத்து வெறுமனே தட்டி, உருப்படியாக ஒரு கொட்டை உடைக்க இரண்டு மூன்று வருடம் ஆகிவிடும்.

அதே மாநிலத்தில் சேரா டா கபிவாரா என்ற தேசியப் பூங்காவில் மண்ணைத் தோண்டியபோது இந்தக் குரங்குகள் பயன்படுத்திய கற்கள் அடுக்கடுக்காகக் கிடைத்தன. சுமார் 3,000 வருடப் பழக்கம் என்று 2019இல் ஆய்வு வெளியிட்டார்கள். நம் சங்க இலக்கியத்துக்கும் முந்தின அம்மிக்கல்.

ஒரு திருத்தம் நானே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் யாராவது வந்து பிடித்துக்கொள்வீர்கள். கல்லால் உடைப்பதில் பேர் போனது அந்தத் தாடி இனம். அமேசான் காட்டின் குடுமிக் கபுச்சின் மரத்திலேயே வாழ்கிறது, அங்கே கல்லுக்கு எங்கே போகும், கொட்டையைக் கிளையில் அடித்தே உடைக்கும். 2012 வரை எல்லாக் கபுச்சினையும் ஒரே பேரினத்தில் வைத்திருந்தார்கள், இப்போது குடுமி உள்ளவற்றைச் சபாஜஸ் என்று தனியாகப் பிரித்துவிட்டார்கள். ஓரலில் இது வேண்டாம், ஆசிரியர் தூங்கிவிடுவார்.

வெருலம் தாத்தா:

அம்மாடி, அணில் குரங்கை இப்படி மட்டம் தட்டி விட்டுவிடாதீர்கள். அது ராக்கெட்டில் போய் வந்த குரங்கு.

1959 மே 28. எனக்குப் பதினொரு வயது, கரும்புத் தோட்டத்து லைன் வீட்டில் குடியிருந்தோம். அன்றைக்கு அமெரிக்காக்காரன் ஜூபிட்டர் ராக்கெட்டில் இரண்டு குரங்குகளை ஏற்றினான். ஒன்று ரீசஸ், பெயர் ஏபிள். இன்னொன்று பேக்கர், பெருவிலிருந்து வந்த அணில் குரங்கு, முன்னூறு கிராம் சொச்சம்தான், ஒரு பெரிய மாம்பழ எடை. இரண்டும் உயிரோடு திரும்பின. ஏபிள் பாவம், சில நாளில் உடம்பில் வைத்த கம்பியை எடுக்கிற ஆபரேஷனில் போய்விட்டது. பேக்கர் மட்டும் 1984 வரை இருந்தது. அலபாமாவில் ஹன்ட்ஸ்வில் என்ற ஊரில் அதற்குக் கல்லறை, பார்க்க வருகிறவர்கள் இன்றைக்கும் கல்லின் மேல் வாழைப்பழம் வைத்துவிட்டுப் போகிறார்கள். எங்கள் அப்பா செய்தித்தாளில் படம் பார்த்துவிட்டு, அனுமாருக்கே சவால் விடுகிறான் பார் வெள்ளைக்காரன் என்று சொன்னது ஞாபகம் இருக்கிறது.

வெர்வெட் சொந்தமா என்று கேட்டிருந்தீர்கள். ரொம்ப தூரத்துச் சொந்தம். நம் வெர்வெட் பழைய உலகத்துக் குரங்கு, அதாவது ஆப்பிரிக்கா, ஆசியா வகை, மூக்குத் துவாரம் கீழே பார்த்து நெருக்கமாக இருக்கும். தென் அமெரிக்காக் குரங்குகளுக்கு மூக்குத் துவாரம் அகன்று பக்கவாட்டில் பார்க்கும். அப்புறம் உங்கள் சமையலறையில் புகுந்து ரொட்டியைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு ஓடுமே, அந்தக் கன்னப்பை அணில் குரங்குக்கும் கிடையாது, கபுச்சினுக்கும் கிடையாது. பின்பக்கம் உட்காருவதற்கென்று காய்த்துப் போன தோல் இருக்கிறதே, அதுவும் வெர்வெட்டுக்குத்தான். எங்கள் வீட்டுச் சுவரில் தினமும் காலையில் ஏழெட்டு வரிசையாக உட்காரும், அதனால் இந்த விவரமெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும்.

லெனேசியா தம்பி:

அக்கா, வளர்ப்பது பற்றி மட்டும் சொல்கிறேன், மற்றதைப் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

என் நண்பனின் பெரியப்பா வீட்டில் ஒரு கபுச்சின் இருந்தது. குட்டியாக இருந்தபோது டயப்பர் கட்டி, சட்டை போட்டு, பிராய் (நெருப்பில் இறைச்சி சுடுகிற விருந்து) போடுகிற இடத்துக்கெல்லாம் தோளில் தூக்கிக்கொண்டு வருவார், எல்லோரும் செல்ஃபி எடுப்போம். ஐந்து வயது தாண்டியதும் ஆளே மாறிவிட்டது. வீட்டில் யார் பெரியவன் என்று பரீட்சை வைக்கும், அவரை விட்டுவிடும், பெரியம்மாவைக் கடிக்கும். அந்தக் கோரைப்பல்லை நீங்கள் பார்க்க வேண்டும். ஃபிரிட்ஜில் பூட்டு, அலமாரியில் பூட்டு, கொஞ்ச நாளில் அந்தக் கொக்கியைத் திறக்கவும் கற்றுக்கொண்டது. கடைசியில் கொல்லையில் ஒரு கூண்டு, தனியாக. கூட்டமாக இருக்க வேண்டிய பிராணி, தன் கையையே கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அதைப் பார்த்த பிறகு நான் அந்த வீட்டுக்குப் போவதையே குறைத்துக்கொண்டேன்.

விற்றவன் 'பழமும் ரொட்டியும் போதும்' என்று சொல்லி அனுப்பியிருக்கிறான். பச்சைப் பொய். இந்தத் தென் அமெரிக்காக் குரங்குகளுக்கு வைட்டமின் டி3 தான் உடம்பில் சேரும், டி2 சரியாகச் சேராது. வெயில் படாமல் வீட்டுக்குள் வைத்தால் எலும்பு வளைந்துவிடும். வைட்டமின் சி-யையும் நம்மைப் போலவே உடம்பில் தயாரிக்கத் தெரியாது. அணில் குரங்குக்குப் பூச்சி வேண்டும், நாளில் பெரும்பகுதி அது பூச்சி தேடுவதிலேயே கழிக்கிற ஜாதி. பராமரிப்பில் கபுச்சின் நாற்பது வருடத்துக்கு மேலும் வாழும். உங்கள் மகள் பேரன் பேத்தி எடுக்கிற வரை என்று சொல்லிப் பாருங்கள், யோசிப்பாள். பெர்மிட் விஷயம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு, அது ஒரு தனித் தலைவலி.

இதற்கும் மசியவில்லை என்றால் கடைசி ஆயுதம்: இரண்டு இனமுமே தன் மூத்திரத்தைக் கையில் பிடித்து உள்ளங்கை, உள்ளங்கால் எல்லாம் தேய்த்துக்கொள்ளும். ஏன் என்பதற்கு ஆராய்ச்சிக்காரர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். பெரியம்மா வீட்டு சோபாவுக்கு அந்த விளக்கமெல்லாம் உதவவில்லை.

சாட்ஸ்வர்த் அம்மா:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. அந்த மூத்திர விஷயத்தைச் சத்தமாக வாசித்தேன், குட்டி வாங்குகிற பேச்சு அத்தோடு நின்றது. தம்பி, நீங்கள் நன்றாக இருக்க வேண்டும்.

போட்டோக்களை மறுபடியும் உட்கார்ந்து பார்த்தோம். முகம் ஒன்றிலும் சரியாக விழவில்லை, ஆனால் மாங்காய்மரம் சொன்னது போல ஒரு படத்தில் இலைக்கு நடுவில் சுருண்ட வால் நுனி ஒன்று கிளையைச் சுற்றியிருக்கிறது, அதற்குக் கொஞ்சம் கீழே மஞ்சள் கால் இரண்டு. ஆக ஒரே படத்தில் இரண்டும். வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நீண்ட நேரம் பார்த்துவிட்டு 'சரி' என்று மட்டும் சொன்னார். தாத்தா, பேக்கர் கதையை வைத்துத்தான் ஓரலை ஆரம்பிக்கப் போகிறாளாம், உங்கள் அப்பா சொன்னதையும் சேர்க்கலாமா என்று கேட்கிறாள்.

அவளுக்கு இன்னும் ஒரு சந்தேகம். நம் மாங்காய் பழுத்தது வெர்வெட்டுக்கு எப்படியோ தெரிந்துவிடுகிறது, அதே மாதிரி இவைகளுக்கும் நிறம் தெரியுமா?

மாங்காய்மரம்:

நல்ல கேள்வி. வெர்வெட்டுக்கு நம்மைப் போல மூன்று நிறப் பார்வை, பச்சைக்கு நடுவில் சிவப்பு பளிச்சென்று தெரியும். அணில் குரங்கிலும் கபுச்சினிலும் ஆண்கள் எல்லோருக்கும் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாது. பெண்களில் சிலருக்கு மட்டும் மூன்று நிறமும் தெரியும், சிலருக்குத் தெரியாது, அந்த மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் வருகிற வினை. ஒரே குடும்பத்தில் அக்காவுக்குப் பழுத்த பழம் தெரியும், தம்பிக்குத் தெரியாது.

ஒன்று விட்டுப்போனது. மழைக்காலத்தில் உங்கள் வாசலில் ஊருமே சொங்கொலோலோ, நம் மரவட்டை, அதைத் தொட்டால் கையில் ஒரு காரநெடி ஒட்டிக்கொள்ளுமல்லவா? வெனிசுவேலாவில் ஒரு கபுச்சின் இனம் அங்கத்து மரவட்டையைப் பிடித்து உடம்பெல்லாம் தேய்த்துக்கொள்கிறது. மழைக்காலத்தில்தான், கொசு அதிகமாக இருக்கும்போது. அந்தக் கசிவில் இருக்கிற ரசாயனத்துக்குக் கொசு விலகும். ஒரே மரவட்டையை ஒன்று தேய்த்து முடித்து இன்னொன்றிடம் கொடுக்குமாம். ஓரலுக்கு இது நன்றாக எடுபடும், ஆனால் செய்து காட்ட வேண்டாம் என்று சொல்லிவையுங்கள்.

சாட்ஸ்வர்த் அம்மா:

தாமதமாகச் சொல்லிவிட்டீர்கள். வாசலில் ஒரு பாட்டிலோடு நிற்கிறாள்.